பூமியின் வயதும் சிங்கத்தின் இரையும்

ஆதியாகமம் ஐந்தாம் அதிகாரத்திலிருந்து யாரும் மனப்பாட வசனம் எடுப்பதில்லை. இன்னார் இத்தனை வயதில் இன்னாரைப் பெற்றான், பிறகு இத்தனை வருஷம் உயிரோடிருந்தான், மரித்தான் என்று பத்துத் தலைமுறைக்கும் ஒரே பல்லவி. வருடத்துக்கு ஒருமுறை வேதாகமத்தை முழுதாக வாசிப்பவர்களும் இங்கே வந்தால் கண்ணை வேகமாக ஓட்டிவிடுவார்கள். எனக்குக் கணக்கில் கொஞ்சம் கிறுக்கு உண்டு. அதனால் இதை வைத்துப் பூமியின் வயதைக் கூட்டிப் பார்க்கலாம் என்று தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நீங்களும் போட்டுப் பார்க்கலாம், வெறும் கூட்டல்தான்.

ஆதாமுக்கு 130 வயதில் சேத். சேத்துக்கு 105ல் ஏனோஸ். பிறகு வரிசையாக 90ல் கேனான், 70ல் மகலாலெயேல், 65ல் யாரேத், 162ல் ஏனோக்கு, 65ல் மெத்தூசலா. ஆக, உலகம் உண்டாகி 687ஆம் வருஷம் மெத்தூசலா பிறக்கிறான். அவனுக்கு 187ல் லாமேக்கு, லாமேக்குக்கு 182ல் நோவா, நோவாவுக்கு 600 வயதாகும்போது ஜலப்பிரளயம். மொத்தம் 1656. மெத்தூசலா வாழ்ந்தது 969 வருஷம். 687ஐயும் 969ஐயும் கூட்டுங்கள். அதுவும் 1656! பிரளயம் வந்த அதே வருஷத்தில் அந்தக் கிழவனார் கண்ணை மூடுகிறார். இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதைப் பார்த்தால் யாருக்கும் ஒரு சிலிர்ப்பு வரும்.

இப்போது இதே அதிகாரத்தைக் கிரேக்க வேதாகமத்தில், அதாவது கிறிஸ்துவுக்கு முன்பே யூதர்கள் கிரேக்கத்தில் ஆக்கிய செப்துவஜிந்த் என்னும் பழைய ஏற்பாட்டில், திறந்து பாருங்கள். ஆதிசபை வாசித்தது பெரும்பாலும் இதைத்தான். அதில் ஆதாமுக்குச் சேத் பிறப்பது 230 வயதில். அடுத்து வருகிறவர்களில் பலருக்கும் இதேபோல நூறு நூறு கூடுகிறது. அந்தக் கணக்கில் மெத்தூசலா பிறப்பது 1287ல், பிரளயம் வருவது 2242ல். 969 வருஷம் வாழ்ந்தவர் இறப்பது 2256ல். அதாவது பிரளயம் முடிந்து பதினாலு வருஷம் கழித்து. பேழைக்குள் போனவர்களோ எட்டே பேர், அதில் இவர் இல்லை.

இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை. ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன்பே இது பேர்பெற்ற கேள்வி என்று சபைப்பிதா அகஸ்டின் எழுதியிருக்கிறார். மெத்தூசலா அந்தச் சமயத்தில் பூமியிலேயே இல்லை, எடுத்துக்கொள்ளப்பட்ட தன் தகப்பன் ஏனோக்கோடு போயிருந்து தண்ணீர் வடிந்தபின் திரும்பினார் என்றுகூடச் சிலர் அப்போது சமாளித்தார்களாம். அகஸ்டின் அதை ஏற்கவில்லை. நகல் எழுதியவர்கள் செய்த பிழை, மூலமொழியை நம்புவோம் என்று முடித்துவிட்டார். மோசேயின் ஐந்து ஆகமங்களுக்குச் சமாரியர் வைத்திருக்கும் தனிப் பிரதியில் மூன்றாவது கணக்கு ஒன்று இருக்கிறது. அதில் பிரளயம் 1307ல். யாரேத், மெத்தூசலா, லாமேக்கு மூன்று பேருமே அந்த ஒரே வருஷத்தில் போய்ச் சேர்கிறார்கள்.

ஆக, பூமியின் வயதைப் பற்றிய கிறிஸ்தவச் சண்டையைப் பாறையும் தொலைநோக்கியும் தொடங்கிவைக்கவில்லை. டார்வினும் இல்லை. வேதப்பிரதிகளை வரிக்கு வரி நம்பி, பயபக்தியோடு கூட்டியவர்களுக்கே விடை வேறு வேறாக வந்தது. யூத நாட்காட்டி சிருஷ்டிப்பைக் கி.மு. 3761ல் வைக்கிறது. பைசாந்தியக் கிறிஸ்தவர்கள் செப்துவஜிந்தை வைத்து கி.மு. 5509 என்றார்கள். இரண்டுக்கும் நடுவில் 1748 வருஷம்.

இந்த இரண்டுக்கும் இடையில் இருக்கிறது நம்மில் பலர் கேள்விப்பட்ட கி.மு. 4004. இதைச் சொன்னவர் அயர்லாந்தின் அர்மா பேராயர் ஜேம்ஸ் அஷர், 1650ல். கி.மு. 4004 அக்டோபர் 23க்கு முந்தின இரவு தொடங்கும்போது என்று நேரத்தோடு குறித்தார். இன்றைக்கு அவரைக் கேலி செய்வது சுலபம், ஆனால் அது நியாயமில்லை. வேதாகமத்தின் வருஷக்கணக்கு தொடர்ச்சியாக இயேசு வரை வருவதில்லை, நடுவில் அறுந்துவிடுகிறது. அந்த அறுந்த இடத்தைப் பாபிலோனிய அரசன் நேபுகாத்நேச்சாரின் மரணத்தோடு, அதாவது கி.மு. 562ஓடு, முடிச்சுப் போட்டுத்தான் அவர் கணக்கை நேர்செய்தார். அந்தக் காலத்தில் கிடைத்த சரித்திர நூல்களையெல்லாம் கரைத்துக் குடித்த மனிதர். வானியலாளர் கெப்ளர் போட்ட கணக்கும் கி.மு. 3992 என்றுதான் வந்தது. சிக்கல் அஷரிடம் இல்லை, அச்சுக்கூடத்தில்தான். 1701லிருந்து ஆங்கில வேதாகமப் பக்கங்களின் ஓரத்தில் இந்த வருஷங்களை அச்சிட ஆரம்பித்தார்கள். ஓரத்தில் இருப்பது ஒரு பேராயரின் கூட்டல், நடுவில் இருப்பது தேவவசனம் என்று எத்தனை வாசகர் பிரித்துப் பார்த்திருப்பார்? இரண்டு நூற்றாண்டு அப்படியே வாசித்தவர்களுக்கு 4004ஐத் தொட்டால் வேதத்தையே தொட்டதுபோல ஆகிவிட்டது.

வம்சவரலாறு இடைவெளி இல்லாத சங்கிலி என்ற எண்ணமும் வேதத்துக்குள்ளேயே நிற்கவில்லை. ஆதியாகமம் 11ல் அர்பக்சாத் சாலாவைப் பெற்றான் என்றிருக்கிறது. லூக்கா 3:36ஐப் பாருங்கள், இருவருக்கும் நடுவில் காயினான் என்று ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். மத்தேயு முதல் அதிகாரம் யோராம் உசியாவைப் பெற்றான் என்கிறது. ராஜாக்களின் புத்தகத்தை வாசித்தால் இருவருக்கும் இடையில் அகசியா, யோவாஸ், அமத்சியா என்று மூன்று ராஜாக்கள் ஆண்டிருக்கிறார்கள். 1890ல் பிரின்ஸ்டனின் பழைய ஏற்பாட்டுப் பேராசிரியர் வில்லியம் ஹென்றி கிரீன் இந்த உதாரணங்களை எல்லாம் அடுக்கி, வம்ச அட்டவணையை வைத்து உலகத்தின் வயதைக் கூட்ட வேதமே இடம் கொடுக்கவில்லை என்று எழுதினார். அவர் நவீனவாதி அல்ல, வேதம் பிழையற்றது என்பதற்காகப் போராடிய அணியைச் சேர்ந்தவர்.

இந்த இடத்தில் என் பக்கத்து ஆட்களையும் கொஞ்சம் கண்டிக்க வேண்டியிருக்கிறது. பூமி பழையது என்று நம்புகிற கிறிஸ்தவர்கள் (நானும் அதில் ஒருவன்) வாய் திறந்தால் ஆதிசபை அறிஞர்களான ஒரிகனையும் அகஸ்டினையும் இழுப்பார்கள். சூரியனும் சந்திரனும் இல்லாமல் முதலாம், இரண்டாம், மூன்றாம் நாள் எப்படி இருந்திருக்கும் என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே ஒரிகன் கேட்டது உண்மைதான். தேவன் எல்லாவற்றையும் ஒரே கணத்தில் படைத்தார், ஆறு நாள் என்பது சொல்லும் ஒழுங்கு என்று அகஸ்டின் கருதியதும் உண்மைதான். வானசாஸ்திரம் தெரிந்த அவிசுவாசியின் முன்னால் வேதத்தின் பேரைச் சொல்லி அபத்தம் பேசி அவமானப்படாதீர்கள் என்று அவர் கிறிஸ்தவர்களைக் கடிந்ததும் உண்மை. ஆனால் அதே அகஸ்டின் மனித வரலாறு ஆறாயிரம் வருஷத்துக்குள் என்றுதான் நம்பினார். நாட்களை நீட்டவில்லை, கணமாகச் சுருக்கினார். ஆறு நாளை அப்படியே நாளாக எடுத்துக்கொண்ட செசரியாவின் ஆயர் பசில் இருந்தார். அகஸ்டினின் விளக்கத்தைத் தள்ளிவிட்ட லூதர் இருந்தார். ஆக, சபைப்பிதாக்களில் யாரும் நமக்கு 454 கோடி ஆண்டு எழுதிக்கொடுக்கவில்லை. அவர்கள் நமக்குக் காட்டியது வாசிக்கும் விதத்தில் இருந்த சுதந்திரத்தை மட்டும்தான்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தவர் சீர்திருத்தவாதி கால்வின். 1554ல் வந்த ஆதியாகம விளக்கத்தில், இரண்டு மகத்தான சுடர்கள் என்ற வசனத்துக்கு வருகிறார். சனிக்கோள் சந்திரனைவிடப் பெரிது என்று வானியலாளர்கள் நிரூபித்திருக்கிறார்களே, பின்னே சந்திரன் எப்படி மகத்தான சுடர்? அவர்கள் சொல்வது சரிதான் என்று ஒத்துக்கொள்கிறார். மோசே சாதாரண மக்களின் கண்ணுக்குத் தெரிகிறபடி எழுதினான் என்று சொல்லிவிட்டு அடுத்த வசனத்துக்கு நகர்ந்துவிடுகிறார். வானியல் படிக்க வேண்டுமென்றால் வேறு இடத்துக்குப் போ என்று ஆறாம் வசனத்திலேயே சொல்லியிருந்தார். பதற்றமே இல்லை. இவ்வளவுக்கும் உலகத்துக்கு இன்னும் ஆறாயிரம் வயது முடியவில்லை என்று நம்பியவர் அவர்.

பாறைகள் பிறகுதான் வந்தன. அவற்றைக் கொண்டுவந்தவர்களும் பெரும்பாலும் சபைக்காரர்களே. கீழே இருக்கும் அடுக்கு மேலே இருக்கும் அடுக்கைவிடப் பழையது என்ற அடிப்படை விதியை 1669ல் எழுதிய நிக்கொலஸ் ஸ்டெனோ பிற்பாடு கத்தோலிக்க ஆயரானார். கேம்பிரிட்ஜில் புவியியல் கற்பித்த ஆடம் செட்ஜ்விக் ஆங்கிலிக்கன் குருவானவர். மேற்பரப்பில் கிடக்கும் சரளை எல்லாம் நோவாவின் வெள்ளம் விட்டுப்போனது என்று நம்பியவர், 1831ல் லண்டன் புவியியல் சங்கத்தின் தலைமை நாற்காலியில் இருந்தபடியே அதை வெளிப்படையாகத் திரும்பப் பெற்றார். ஸ்காட்லாந்தின் தாமஸ் சால்மர்ஸ் ஆதியாகமத்தின் முதல் வசனத்துக்கும் இரண்டாம் வசனத்துக்கும் நடுவில் அளவில்லாத காலத்தை வைத்தார். அங்கேயே கல்லுடைக்கிறவராக இருந்து புவியியலாளராக உயர்ந்த ஹியூ மில்லர், நாள் என்பது ஒரு யுகம் என்றார். இந்த இரண்டு விளக்கத்திலும் ஓட்டை உண்டு. யுகம் என்று வைத்துக்கொண்டால் கனிமரம் மூன்றாம் யுகத்தில், கடல் மீன் ஐந்தாம் யுகத்தில், ஆனால் பாறையில் மீன்தான் வெகுகாலம் முந்தி. நடுவில் காலத்தை வைத்தால், வசனம் சொல்லாத ஒரு முழு உலகத்தை அந்த இடைவெளியில் அடைக்க வேண்டியிருக்கிறது. எப்படியோ, டார்வின் புத்தகம் வந்த 1859க்கு முன்பே படித்த சுவிசேஷக் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோருக்குப் பூமி பழையது என்பது அதிர்ச்சியாக இருக்கவில்லை.

இதைச் சொன்னால், பூமிக்குச் சில ஆயிரம் வயதுதான் என்று நம்பும் இன்றைய இளம் பூமி நண்பர்கள் நம்பமாட்டார்கள். 1909ல் வந்த ஸ்கோஃபீல்ட் குறிப்பு வேதாகமம் அந்த இடைவெளி விளக்கத்தையே அடிக்குறிப்பில் போட்டது. 1925ல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து டேட்டன் ஊரில், பள்ளியில் பரிணாமம் கற்பித்ததற்காக நடந்த வழக்கில், பரிணாமத்துக்கு எதிரான அணியின் வழக்கறிஞராக நின்ற வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், குறுக்கு விசாரணையில், அந்த நாட்கள் இருபத்துநாலு மணி நேரமாக இருக்க வேண்டிய அவசியமில்லை என்றார். பரிணாமத்தின் பெரிய எதிரியே பழைய பூமிக்காரர்!

பின்னே, பிரளயம் ஒன்றே எல்லாப் பாறை அடுக்கையும் ஒரே வருஷத்தில் படியவைத்தது என்ற இன்றைய விளக்கம் எங்கிருந்து வந்தது? அதை விரிவாகக் கட்டியவர் ஜார்ஜ் மெக்ரெடி பிரைஸ், சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரிக்கும் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபைக்காரர். அவருடைய பெரிய பாடநூல் 1923ல் வந்தது. அந்தச் சபைக்கு இது வெறும் விஞ்ஞான விவாதமாக இருக்கவில்லை. ஓய்வுநாளை ஆசரிக்கச் சொல்லும் கட்டளைக்குக் காரணமே, கர்த்தர் ஆறு நாளைக்குள்ளே எல்லாவற்றையும் உண்டாக்கி ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார் என்பதுதான். நாள் யுகமானால் சனிக்கிழமை என்னாவது? பிரைசின் வாதத்தை அட்வென்டிஸ்ட் வட்டத்துக்கு வெளியே கொண்டுபோனது 1961. இறையியலாளர் ஜான் விட்கமும் நீரியல் பொறியாளர் ஹென்றி மாரிசும் சேர்ந்து பிரளயத்தைப் பற்றி எழுதிய புத்தகம் அந்த வருஷம் வந்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்று நாம் பார்க்கும் இயக்கம், அருங்காட்சியகம், பேழை மாதிரி எல்லாம். பூமி இளையது என்ற நம்பிக்கை பழையது. பிரளயப் புவியியல் என்ற இந்த வடிவம் ஒரு நூற்றாண்டுச் சரக்கு. இரண்டையும் ஒன்றாகக் கட்டி, இதுதான் அப்போஸ்தலர் காலத்திலிருந்து வரும் விசுவாசம் என்று மேடையில் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது.

எங்கள் வேதபாட வட்டத்தில் இயற்பியல் படித்த ஒரு தம்பி இருந்தான். 1987 பிப்ரவரியில் தெரிந்த அந்த நட்சத்திர வெடிப்பைப் பற்றி ஒருநாள் கேட்டான். பெரிய மெகல்லானிக் மேகம் என்ற பக்கத்து விண்மீன் கூட்டத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்தது. தூரம் சுமார் 1,68,000 ஒளியாண்டு. ஒளி வருவதற்கு முன்னால், சில மணி நேரம் முந்தி, நியூட்ரினோ துகள்கள் வந்து ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நிலத்தடிக் கருவிகளில் பதிவாயின. பிறகு பல மாதங்கள் அந்த ஒளி மங்கியது. அது மங்கிய வேகம் கோபால்ட்-56 என்ற கதிரியக்கத் தனிமம் சிதையும் வேகம். 77 நாளுக்கு ஒருமுறை பாதியாகும், இன்று நம் ஆய்வகத்தில் சிதைகிற அதே வேகம். உலகத்துக்கு ஆறாயிரம் வயது என்றால் இந்த ஒளி எங்கே கிளம்பியது, பிரதர்?

தேவன் ஒளியை வழியிலேயே படைத்தார் என்று ஒரு மூத்தவர் பதில் சொன்னார். தம்பி விடவில்லை. அப்படியானால் அந்த நட்சத்திரம் வெடிக்கவே இல்லை. நடக்காத வெடிப்பின் ஒளி, நடக்காத வெடிப்பின் துகள், நடக்காத சிதைவின் மங்கல், எல்லாவற்றையும் தேவன் வழியில் எழுதி அனுப்பினாரா? மூத்தவருக்கு முகம் சிவந்துவிட்டது. இப்படிக் கேட்பதே பிசாசின் தந்திரம் என்று சொல்லி ஜெபத்தோடு வகுப்பை முடித்துவிட்டார். தம்பி அதற்கப்புறம் அதிகம் வரவில்லை.

அவன் கேட்ட கேள்வி 1857லேயே கேட்கப்பட்டது. பிலிப் ஹென்றி காஸ் என்ற இயற்கையியலாளர், நல்ல விசுவாசி, ஆதாமுக்குத் தொப்புள் இருந்திருக்கும், ஏதேனின் மரத்தில் வளையங்கள் இருந்திருக்கும், அதேபோல் பூமியையும் பழையதுபோலவே தேவன் படைத்தார் என்று வாதாடினார். தர்க்கத்தில் யாராலும் அதை உடைக்க முடியாது. ஆனால் அவருடைய நண்பரும் குருவானவருமான சார்ல்ஸ் கிங்ஸ்லிக்கே அது குமட்டியது. தேவன் பாறைகளின்மேல் ஒரு பிரம்மாண்டமான பொய்யை எழுதினார் என்று தன்னால் நம்ப முடியாது என்று அவருக்குப் பதில் எழுதினார். தொப்புளோடு நின்றிருந்தால் கதை வேறு. நட்சத்திர வெடிப்பு தொப்புள் அல்ல, ஒரு நிகழ்ச்சி.

பாறைக்கு வருவோம். ஜிர்க்கான் என்று ஒரு தாதுப்படிகம், மணல் பருமன்தான். எரிமலைக் குழம்பில் அது உறையும்போது யுரேனியத்தை உள்ளே சேர்த்துக்கொள்ளும், ஈயத்தைச் சேர்க்காது. அதனால் பின்னாளில் அதற்குள் இருக்கும் ஈயம் எல்லாம் யுரேனியம் சிதைந்து வந்தது. அதிலும் இரண்டு யுரேனியம், இரண்டு கடிகாரம். ஒன்று பாதியாக 447 கோடி ஆண்டு, இன்னொன்று பாதியாக 70 கோடி ஆண்டு. ஓடும் வேகம் வேறு, ஒரே படிகத்துக்குள் இருந்து இரண்டும் ஒரே வயதைச் சொன்னால் அதைத் தற்செயல் என்று தள்ளுவது கஷ்டம். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் கிடைத்த ஜிர்க்கான்களில் மிகப் பழையது சுமார் 440 கோடி ஆண்டு. விண்கற்களின் ஈயத்தை அளந்து கிளேர் பேட்டர்சன் 1956ல் சொன்ன பூமியின் வயது 455 கோடி. அதற்குப் பிறகு அது பெரிதாக மாறவே இல்லை. கார்பன் முறையில் தப்பு வரும் என்று பிரசங்கத்தில் கேட்கிறோமே, அது இந்தக் கேள்விக்குச் சம்பந்தமே இல்லாதது. கார்பன்-14 ஐம்பதாயிரம் ஆண்டு எல்லையைத் தாண்டிப் பேசாது. அதைக் கொண்டு யாரும் பூமியின் வயதை அளப்பதில்லை.

இதில் நான் மரியாதையோடு நினைவுகூர்வது இளம் பூமி விஞ்ஞானிகள் சிலரைத்தான். படைப்பு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 1997 முதல் 2005 வரை எட்டு ஆண்டு இந்தக் கதிரியக்கக் கணக்கை உடைக்க ஒரு திட்டம் நடத்தினார்கள். முடிவில் அவர்களே எழுதியது: இன்றைய வேகத்தில் பார்த்தால் ஐம்பது கோடி ஆண்டுக்கும் மேலான சிதைவு பாறையில் நடந்திருக்கிறது. அப்படியானால் படைப்பு வாரத்திலும் பிரளய வருஷத்திலும் சிதைவு கோடிக்கணக்கான மடங்கு வேகமாக ஓடியிருக்க வேண்டும். அவ்வளவு சிதைவும் ஒரே வருஷத்தில் நடந்தால் அந்த வெப்பத்தில் பூமியே உருகும், நோவா என்ன ஆவார் என்பதற்குத் தங்களிடம் முழு விடை இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். அற்புதம் ஒன்று தேவைப்படுகிறது என்றார்கள். அந்த நேர்மை மேடைப் பிரசங்கத்துக்கு வந்து சேர்வதில்லை.

இவ்வளவும் சொன்னபின் விவாதம் முடிந்தது என்று தோன்றலாம். பழைய பூமிக்காரர்கள் இங்கே நிறுத்திவிட்டுப் போய்விடுவார்கள். சண்டையின் உயிர் இங்கே இல்லை என்று எனக்குப் புரியவைத்தவர் ஒரு போதகர். என் நண்பர், பூமி இளையது என்று உறுதியாக நம்புகிறவர். நான் ஜிர்க்கான் கதையை ஆர்வமாக விளக்கிக்கொண்டிருந்தபோது கையமர்த்தினார். "கல்லுக்கு எத்தனை வயசுங்கறது எனக்குப் பெரிசில்லை பிரதர். கேன்சரைத் தேவன் உண்டாக்கினாரா இல்லையா? அதைச் சொல்லுங்க" என்றார்.

அவர் கேட்டது இதுதான். ஆறாம் நாள் முடிவில், தாம் உண்டாக்கின எல்லாவற்றையும் தேவன் பார்த்தார், அது மிகவும் நன்றாயிருந்தது. மனுஷனுக்கும் மிருகத்துக்கும் பூண்டும் கனியும் ஆகாரம். பாவத்தினாலே மரணம் உலகத்திலே பிரவேசித்தது என்கிறான் பவுல். பூமி பழையது என்றால், மனிதன் வருமுன்பே கோடிக்கணக்கான ஆண்டு மரணமும் வேட்டையும் நோயும். கனடாவின் ஆல்பர்ட்டாவில் கிடைத்த சென்ட்ரோசாரஸ் என்ற கொம்பு டைனோசரின் கீழ்க்கால் எலும்பில் புற்றுநோய் இருந்ததை 2020ல் கண்டுபிடித்தார்கள். அது வாழ்ந்தது சுமார் ஏழரைக் கோடி ஆண்டுக்கு முன். இருபத்தைந்து கோடி ஆண்டுக்கு முன் கடலில் வாழ்ந்த இனங்களில் மிகப் பெரும்பாலானவை மொத்தமாக அழிந்தன. ஆதாம் பாவம் செய்யும் முன்பே இவ்வளவு என்றால், மிகவும் நன்றாயிருந்தது என்பதற்கு என்ன அர்த்தம்? சிலுவையில் ஜெயிக்கப்பட்ட கடைசிச் சத்துரு மரணம் என்றால், அந்தச் சத்துருவைத் தேவனே கருவியாக வைத்திருந்தாரா?

இது சும்மா தட்டிவிடக்கூடிய கேள்வி இல்லை. வேதத்தை எழுத்துக்கு எழுத்து பிடிக்கும் பிடிவாதம் என்று இளம் பூமி நம்பிக்கையை வர்ணிப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அவர்களில் பலர் பிடித்துக்கொண்டிருப்பது ஆறாயிரத்தை அல்ல, தேவனுடைய நல்ல பெயரை.

பதில்கள் இல்லாமல் இல்லை. மரணம் எல்லா மனுஷருக்கும் வந்தது என்றுதான் பவுல் சொல்கிறான், மானுக்கும் மீனுக்கும் என்று சொல்லவில்லை என்பது ஒன்று. வசனத்தைப் பார்த்தால் சரிதான், ஆனால் போதகரின் கேள்வி வசனத்தோடு நிற்கவில்லை. மனிதன் விழுமுன் தூதர்கள் விழுந்தார்கள், அவர்கள்தான் மிருக உலகத்தைக் கெடுத்தார்கள் என்று கிறிஸ்தவ எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் 1940ல் ஊகித்தார். அழகான ஊகம், ஆனால் படைப்பின் பெரும்பகுதியைச் சாத்தானிடம் ஒப்படைத்துவிடுகிறது. சிலுவையின் பலன் காலத்தில் பின்னோக்கி ஆபிரகாமைத் தொட்டதுபோல ஆதாமின் பாவமும் பின்னோக்கிப் பாய்ந்தது என்று அமெரிக்கத் தத்துவவாதி வில்லியம் டெம்ப்ஸ்கி சொன்னார். கெட்டிக்காரத்தனம். அதைக் கேட்டு யாருக்கும் ஆறுதல் வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இளம் பூமி விளக்கத்துக்கும் இதே இடத்தில் முள் குத்துகிறது என்பதைப் போதகரிடம் சொன்னேன். சிங்கத்தின் பல்லும் பாம்பின் விஷப்பையும் சிலந்தியின் வலையும் எப்போது வந்தன? பாவத்துக்குப் பின் என்றால், ஆறு நாளில் முடிந்த படைப்பைத் தேவன் மறுபடி திருத்தி, கொல்வதற்கென்றே அவ்வளவு நுணுக்கமாகச் செய்தார் என்றாகிறது. ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்துச் சாபத்தில் சர்ப்பத்துக்கு உண்டு, ஸ்திரீக்கு உண்டு, நிலத்துக்கு முள்ளும் குருக்கும் உண்டு. சிங்கத்துக்கு ஒரு வார்த்தையும் இல்லை. ஆரம்பத்திலேயே பல் இருந்தது என்றால், அவருடைய கேள்வி அவரிடமே திரும்புகிறது. அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அதுக்கு என்கிட்ட முழு பதில் இல்லை" என்றார். இந்த விஷயத்தில் எனக்குக் கிடைத்த நல்ல உரையாடல்களில் அதுவும் ஒன்று.

என் சாய்வு சங்கீதம் 104 பக்கமும் யோபின் கடைசி அதிகாரங்கள் பக்கமும்தான். சங்கீதக்காரன் படைப்பைப் புகழ்ந்துகொண்டே வரும்போது, பாலசிங்கங்கள் இரைக்காகக் கெர்ச்சித்துத் தேவனிடத்தில் ஆகாரம் தேடுகின்றன என்று சர்வசாதாரணமாகப் பாடிவிட்டுப் போகிறான். யோபுக்குக் கர்த்தர் சொல்கிற பதிலில், பூமியை நான் அஸ்திபாரப்படுத்தும்போது நீ எங்கேயிருந்தாய் என்ற வசனத்தை இரண்டு தரப்பும் ஒருவர்மேல் ஒருவர் எறிவார்கள். அதைத் தாண்டி வாசிப்பவர்கள் குறைவு. சிங்கத்துக்கு இரை தேடிக்கொடுப்பவர் யார், காக்கைக் குஞ்சுக்கு யார் என்று கேட்டு, குஞ்சுகள் இரத்தம் உறிஞ்சும் கழுகு வரை வந்து, கர்த்தர் அதையெல்லாம் தம்முடைய கைவேலையாகப் பெருமையோடு காட்டுகிறார். வெட்கப்படுவதுபோல ஒரு தொனியும் அங்கே இல்லை.

போதகர் இதை ஏற்கவில்லை. யோபு வாழ்ந்தது பாவத்துக்குப் பின்னால் உள்ள உலகத்தில், அந்தச் சிங்கம் விழுந்த சிங்கம் என்கிறார். ஏசாயா 11ல் ஓநாய் ஆட்டுக்குட்டியோடே தங்குகிறது, சிங்கம் மாட்டைப்போல வைக்கோல் தின்கிறது, அதுதான் ஏதேனில் இருந்த நிலை என்கிறார். ஏசாயா சொல்வது வரப்போகிறதை, போனதை அல்ல என்கிறேன் நான். மீட்பு என்றால் இழந்ததைத் திரும்பப் பெறுவதுதானே என்கிறார் அவர். அங்கேதான் நாங்கள் பிரிகிறோம். இரண்டாம் நூற்றாண்டில் சபைப்பிதா இரேனேயு, ஆதாம் முழுமையடைந்தவனாகப் படைக்கப்படவில்லை, வளரவேண்டிய குழந்தையாகவே படைக்கப்பட்டான் என்று போதித்தார். ஆவிக்குரிய சரீரம் முந்தினதல்ல, ஜென்மசரீரமே முந்தினது என்று பவுலும் கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறான். அந்த வசனம் மனுஷனைப் பற்றியது, சிங்கத்தைப் பற்றியது இல்லை என்று போதகர் உடனே மறுத்தார். அது சரிதான். ஆனால் ரோமர் எட்டில் சர்வ சிருஷ்டியும் பிரசவவேதனைப்படுகிறது என்று எழுதியவனும் அதே பவுல்தான் என்றேன். இப்போது ரோமர் எட்டை வசனம் வசனமாக எடுத்துக்கொண்டிருக்கிறோம்.